அற்புதமலர் சிரித்த படம்

அற்புதமலர் செத்த அன்றைக்கு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் முகப்பில் கட்டிய பெனரில் இருந்தது அற்புதமலரே இல்லை என்று தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு முழுக்கப் பேச்சு. படம் அவளுடையதுதான். அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அடையாள அட்டையில் யார்தான் தன்னைப்போல இருக்கிறார்கள்? ஆனாலும் இது கொஞ்சம் அதிகம். உதட்டை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டு, களவுக் கேஸில் பொலிஸுக்குக் கூட்டிவந்தவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்து அழுகைகூட வரவில்லை என்று, இருபத்தைந்து வருடம் அவளோடு கொழுந்தெடுத்த பெண்கள் சொன்னார்கள். மரண உதவிச் சங்கத்து ஆட்களைக் குறை சொல்ல முடியாது. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

மகள் கேஷானிக்கு அந்தப் பெனர் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்காவது அம்மாவின் முகத்தை அம்மாவின் முகமாகப் போட வேண்டும், சிரிக்கிற முகமாகப் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். தேடத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. கல்யாணத்தோடு வாங்கிய போனில் அம்மாவின் படங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. கல்யாண அல்பத்தில் இருபது இருந்தன. ஒன்றில்கூட அம்மா வாய் திறந்திருக்கவில்லை. சிலவற்றில் உதடு இறுகியிருந்தது, மற்றவற்றில் முந்தானை மறைத்திருந்தது. ஏன் என்று அவளுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. மூடச் சொன்னதே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு முதல் நாள் நடந்தது அது. கேஷானி அப்புத்தளையில் ஒரு துணிக்கடையில் காசாளராக இருந்தாள். மாப்பிள்ளை ஜெசிந்தன் தபால் கந்தோரில் வேலை. அவனுடைய அப்பா மாணிக்கராஜ் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், சட்டைக் கொலர் கசங்காத மனிதர். டவுன் குடும்பம். தோட்டத்துச் சம்பந்தத்துக்கு அவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் சுளித்துவிடுவார்களோ என்ற பயம் கேஷானிக்கு நாள்முழுக்க இருந்தது. கல்யாணச் சேலையை உடுத்திப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபோது அந்தப் பயம் வாயில் வந்துவிட்டது.

"அம்மா, நாளைக்குப் போட்டோ எடுக்கையில கொஞ்சம் வாய மூடிக்க. அவங்க வீட்டாளுங்க பாப்பாங்க."

அற்புதமலர் கோபப்படவில்லை. கண்ணாடியில் தன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "செரி புள்ள" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் மகள் முன்னால் அவள் வாய் திறந்து சிரிக்கவே இல்லை. ஒரு நாளைக்குச் சொன்னதை ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டாள். சில அம்மாக்கள் அப்படித்தான், பிள்ளை போகிற போக்கில் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தங்களையே வதைத்துக்கொள்வார்கள்.

அந்த வாய் பிறவியிலேயே அப்படி ஒன்றும் இல்லை. பெரியவளான வயதில் அற்புதமலருக்கு அரிசி அரிசியாகப் பல் என்று லயத்தில் கேலி பேசுவார்களாம். தண்ணீர்ப் பீலிக்கரையில் கரியை வைத்துத் தேய்த்தே அந்த வெள்ளை. கேஷானி வயிற்றில் இருந்தபோதுதான் சனி பிடித்தது. ஐந்தாம் மாதத்தில் ஈறு வீங்கி, துப்பினால் ரத்தமாக வந்தது. பிறகு ஒரு கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. கிளினிக்குக்கு வந்த மிட்வைஃப் மிஸ் டவுனுக்குப் போய்ப் பல் டொக்டரைப் பார் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுப்பது லேசு. டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், நாள் சம்பளம் இல்லை. அதோடு, வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவள் பல்லில் கை வைக்கக் கூடாது, பிள்ளைக்கு ஒரு பல் தாயிடமிருந்து போகத்தான் போகும், போகட்டும் விடு என்று லயத்தில் அனுபவசாலிகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மலையில் பக்கத்து நிரையில் நின்ற ஒருத்தி மடியிலிருந்து புகையிலையைக் கிள்ளி, வலிக்கிற பல்லோடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அரை மணி நேரத்தில் வலி மரத்துப்போனது. மருந்தாக வந்த புகையிலை பிறகு திரும்பிப் போகவில்லை. மலைக்குளிருக்கு வெற்றிலையும் கூடச் சேர்ந்துகொண்டது.

அந்தப் பல்லும் நிற்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பல்லுக்குத் தெரிந்த வைத்தியம் அந்தக் காலத்தில் ஒன்றே ஒன்றுதான், குறடு. வலிக்கிறது என்று போனால் பிடுங்கிப் பஞ்சை வைத்து அனுப்புவார்கள். அடைக்கலாம், காப்பாற்றலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. கேஷானிக்குப் பிறகு தங்காமல் போன இரண்டு பிள்ளைகளுக்கும் அற்புதமலர் பல்லைக் கொடுத்தாள். நாற்பத்தைந்து வயதில் முன்பற்கள் ஆடின. புருஷன் ஜோன்சன் மாரடைப்பில் செத்த வருடம் அவையும் போய்விட்டன. கேஷானி பழைய கதைகளை எல்லாம் துண்டுதுண்டாகக் கேட்டிருக்கிறாள். கேட்டும் என்ன, கல்யாணத்துக்கு முதல் நாள் அவை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் பல்லைத் தின்று வளர்ந்தவள் அம்மாவுக்குப் பல் இல்லை என்று வெட்கப்பட்டாள். இதை அவள் இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், ஒரு நாளைக்குப் பத்துத் தரம்.

கல்யாணம் முடிந்த அடுத்த வருடம் அற்புதமலருக்கு மாதவிலக்கு நின்றது. அதோடு வாய் காய்ந்துபோய், உறைப்பு பட்டால் எரிந்தது. அந்த வயதில் உடம்புச் சூடு அப்படித்தான் வாயில் ஏறும் என்று மறுபடியும் அதே அனுபவசாலிகள் சொன்னார்கள். குழம்பை விட்டுவிட்டுச் சோற்றைத் தேத்தண்ணியில் கரைத்துச் சாப்பிடப் பழகினாள். போன கிறிஸ்மஸுக்குக் கேஷானி கேக் கொண்டுபோனபோது அம்மா அதை நனைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு வலதுபக்கத்தாலேயே மென்றாள். கேஷானி அதைப் பார்த்தாள். பார்த்து என்ன நினைத்தாள் தெரியுமா? அம்மா ஒருவழியாக நாலு பேர் முன்னால் சாப்பிடக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

மாசியில் இடது கன்னம் வெளியே தெரிகிற மாதிரி வீங்கிய பிறகுதான் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் கழுத்தில் கட்டி இறங்கியிருந்தது. அங்கே ஒரு இளம் பெண் டொக்டர், சிங்களப் பிள்ளை, பேஷன்ட் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள், தெரிந்த தமிழில் கேஷானிக்கு விளங்கப்படுத்தினாள். இது வாய்ப்புற்று. இந்த வருத்தம் பெரும்பாலும் முதலில் வாய்க்குள் வெள்ளையாக ஒரு தடமாகத்தான் வரும். வலிக்காது. உரசினாலும் போகாது. அந்த நேரத்தில் வந்தால் எவ்வளவோ பேரைக் காப்பாற்றியிருக்கிறோம். அம்மாவுக்கு அந்த வெள்ளை எப்போது வந்தது என்று தெரியுமா என்று கேட்டாள். கேஷானிக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டார்கள். அற்புதமலருக்கு அப்போதே நாக்கு புரளவில்லை. அவள் வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து இறுகிப்போன விரல். பணம் கட்ட வேண்டுமா என்று கேட்கிறாள் என்று நர்ஸ் நினைத்து, இங்கே எல்லாம் இலவசம் அம்மா என்றாள். அற்புதமலர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் விரலைத் தேய்த்தாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் விட்டுவிட்டாள்.

புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அந்த நாட்களில்தான் கேஷானி முழுகாமல் இருந்தாள். காலையில் பல் துலக்கினால் அவளுக்கும் ரத்தம் வந்தது. மிட்வைஃப் அட்டையில் எழுதிக் கொடுத்தாள், ஜெசிந்தன் கூட்டிப்போனான், பல் கிளினிக்கில் அரை மணி நேரத்தில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அரை மணி நேரம். நாற்காலியை விட்டு இறங்கும்போது அவள் விக்கி விக்கி அழுததைப் பார்த்து, வலித்துவிட்டதோ என்று அந்தப் பல் டொக்டர் பயந்துபோனார். ஆனி மாதக் கடைசியில் அற்புதமலர் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தொரு வயது.

முப்பத்தோராம் நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது கேஷானி றிஸாத் நானாவின் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு இறங்குகிற வழியில், பனி மூட்டத்தில் பகலிலும் லைட் எரிகிற சின்னக் கடை. கல்யாணப் படம் எடுத்தவர் அவர்தான். அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், மூடிய வாயைத் திறந்த மாதிரி கொம்பியூட்டரில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"சிரிச்ச படம் ஒண்டு இருக்கே தங்கச்சி. ஒங்கட கலியாணத்துல எடுத்தது. அல்பத்துல போட வேணாம், அழிச்சிருங்கண்டு நீங்கதானே சொன்னீங்க."

கேஷானிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணம் முடிந்த வாரம், இதே ஸ்டூலில் உட்கார்ந்து அல்பத்துக்குப் படம் தெரிவு செய்தாள். ஒரு படம் வந்தபோது விரலை வைத்து, இது வேணாம் நானா என்றாள். சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். றிஸாத் நானா இருபது வருடத் தொழிலில் எதையும் அழித்ததில்லையாம். வேண்டாம் என்கிறவர்கள்தான் பிறகு அழுதுகொண்டு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். தேடி எடுத்துத் திரையில் போட்டார்.

கேக் மேசைக்குப் பக்கத்தில் அம்மா. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பல், கீழே இரண்டு. காதோரம் குனிந்து எதையோ சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிறவள் கலாராணி, மலையில் அம்மாவின் பக்கத்து நிரைக்காரி. சத்தம் கேட்காத குறைதான். கேஷானி அம்மாவை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்றால், பல்லைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். பழக்கம் அவ்வளவு லேசில் விட்டுப் போகிறதா? மாமனார் வீட்டார் எல்லாரும் பூசைக்கு வருவார்கள் என்ற கணக்கு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதெல்லாம் அஞ்சு நிமிட வேலை என்றார் றிஸாத் நானா. மணப்பெண்ணாக அவள் சிரித்த படத்தைப் பக்கத்தில் திறந்து, அதிலிருந்து பல்வரிசையை வெட்டியெடுத்து அம்மாவின் வாயில் வைத்தார். தாய்க்கும் மகளுக்கும் ஒரே வாயமைப்பு, அச்சாகப் பொருந்திவிட்டது என்று அவருக்குப் பெருமை. கேஷானி பார்த்தாள். தன்னால் போன பற்களை இப்படித்தான் திருப்பிக் கொடுக்க வாய்த்தது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது.

ஓரத்தைச் சரிசெய்ய அவர் வாயை மட்டும் பெரிதாக்கினார். திரை முழுக்க அம்மாவின் வாய். இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்க்குக் கொஞ்சம் முன்னால், ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பாலில் ஆடை படிந்த மாதிரி.

"பிளாஷ் வெளிச்சம் பட்டிருக்கு. இதையும் அழிச்சிர்றேன்" என்று சுட்டியைக் கொண்டுபோனார்.

கேஷானி அவர் கையைப் பிடித்துவிட்டாள். வேற்று ஆளின் கையைப் பிடித்த கூச்சம்கூட அவளுக்கு வரவில்லை. வலிக்காது, உரசினாலும் போகாது என்று பதுளையில் டொக்டர் சொன்னது காதில் கேட்டது. படத்தின் கீழே திகதி இருந்தது. எடுத்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அன்றைக்கும் இதே ஸ்டூலில் உட்கார்ந்து இதே வாயைத்தான் பார்த்தாள். விரலைக்கூட வைத்தாள். பல் இல்லாததை மட்டும் பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா வாயை மூடிக்கொண்டாள், யாரும் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

அவள் அழத் தொடங்கினாள். றிஸாத் நானா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் போய்ப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துடைத்திருந்தாள்.

"எம் பல்ல எடுத்துருங்க நானா. அந்த வெள்ளையத் தொடாதீங்க. எங்கம்மா எப்படி இருந்திச்சோ அப்படியே அடிங்க."

தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் லயத்துக்கு வந்தபோது பெனர் முகப்பில் கட்டியிருந்தது. ஆறடிக்கு நாலடி. மாணிக்கராஜ் அதற்கு எதிரே நின்று ஒரு நிமிடம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு நாளும் எதற்குப் பயந்தோமோ அது இவ்வளவுதானா என்று கேஷானிக்கு இருந்தது. இந்தச் செருமலுக்குப் பயந்து ஒரு உயிரை மூடி வைத்தோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கலாராணியும் மலைப் பெண்கள் எட்டுப் பேரும் பெனருக்கு முன்னால் வந்து நின்றார்கள். போன மாதம் வராத அழுகை இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. இதுதான் மலரு, இதுதான் மலரு என்று மாறி மாறிச் சொன்னார்கள். மலையில் அவள் தினமும் இப்படித்தான் சிரிப்பாளாம். பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் அவள் சிரிப்பு கீழ்க்கணக்குவரை கேட்குமாம். கேஷானிக்கு அது புதுச் செய்தி. தன்னைத் தவிர எல்லாருக்கும் அம்மா சிரித்துத்தான் இருந்திருக்கிறாள். கல்யாணத்தன்றைக்குக் காதில் அப்படி என்ன சொன்னீர்கள் என்று கலாராணியிடம் கேட்டாள். கலாராணி நாற்காலிகள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"ஒம் மாமனாருக்கு மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல்லுன்னு சொன்னேன். கேக்கு கடிக்கையில ஆடுனிச்சு, நான் பாத்தேன்."

கேஷானிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். கலாராணி அவள் முதுகைத் தடவிவிட்டுப் பெனரை மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் விரலை நீட்டினாள்.

"பாரேன், காய்ப்புகூட அப்படியே தெரியுது."

என்ன காய்ப்பு சித்தி என்று கேஷானி கேட்டாள்.

"போயிலைக் காய்ப்பு புள்ள. அடக்கி அடக்கி அந்த எடம் காய்ச்சுப் போகும். அது வந்துட்டா அப்புறம் போயிலை காந்தாது. மலருக்குத்தான் மொதல்ல வந்துச்சு, எங்களுக்கெல்லாம் பொறாமை. இந்தா, இது மாதிரிதான்."

இது மாதிரி என்று சொல்லும்போது கலாராணி வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலின் கறுத்த உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள்.

கேஷானிக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா பேச முடியாமல் சொன்னது இதுதான். எப்போது வந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, அது நோய் இல்லை டொக்டர், கொழுந்து கிள்ளுகிற விரலில் காய்க்கிற மாதிரி வாயும் வேலை செய்து காய்த்துப்போனது, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்தப் பார்த்திருக்கிறாள். கடைசிவரைக்கும் அதையே நம்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்களுக்கெல்லாம் என்று கலாராணி சொன்னது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. கேஷானி அந்த ஒன்பது பேரையும் பார்த்தாள். டவுன் ஆட்கள் வந்திருக்கிற இடம் என்று ஒன்பது பேரும் முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா பிடித்த மாதிரியே. அவள் போனை எடுத்து டோர்ச்சைப் போட்டாள்.

"வாயத் தொறங்க சித்தி."

கலாராணிக்கு வெட்கம் வந்துவிட்டது. நாற்காலிகள் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"அவங்கள்லாம் பாக்குறாங்க புள்ள."

"பாக்கட்டும்" என்றாள் கேஷானி. முந்தானையைப் பிடித்திருந்த கலாராணியின் கையைத் தன் கையால் மெதுவாக இறக்கினாள்.

கலாராணி பெனரில் சிரிக்கிறவளை ஒரு தரம் பார்த்தாள். "செரி புள்ள" என்றாள். சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கு நேராக வாயைத் திறந்தாள்.